ஏழாம் லைன் புகார்

24 ஜூலை 1997, வியாழன்

விசாரணைக்கு எழுத்து மூலமாக வாக்குமூலம் தரவேண்டும் என்று எஸ்டேட் மேனேஜர் சொல்லியிருக்கிறார். வரிசையாக எழுதினால்தான் எனக்கு எதுவும் தெளிவாகும். ஆகவே வரும் நாட்களில் இந்த நோட்டில் எழுதப்போவதை முதலில் குறித்துக்கொள்கிறேன்.

1. எங்கள் டெலிபோன் எக்சேஞ்சும் அதிலுள்ள லைன் கார்டு வகைகளும்.
2. புகார் பதியும் முறை.
3. 22ஆம் தேதி பகல் 2.50 முதல் 4.35 வரை நான் செய்தவை.
4. மண்சரிவு பற்றி என்னிடம் யாரும் சொல்லவில்லை என்பது.
5. பாக்கியத்தாயின் மேல் எனக்குத் தனிப்பட்ட குறை எதுவும் இல்லை என்பது.

நடந்தது இது. செவ்வாய்க்கிழமை பகலில் கருங்கொம்பு தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் மலை சரிந்து ஒரு குடியிருப்பு மண்ணுக்குள் போனது. இங்கே தொழிலாளர் வீடுகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு வரிசைக்கு லைன் என்று பெயர். போனது ஏழாம் லைன். எட்டு வீடுகள். மூன்று பேர் இறந்தார்கள். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அருளப்பன், அவர் தாயார், பக்கத்து வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்த தவமணி. தவமணிக்குப் பதினான்கு வயது. உயிரோடுதான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரி போகும் வழியில் இறந்துவிட்டாள். ஒரு மணி நேரம் முன்னால் கிடைத்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

கீழே ஆபீசுக்குச் செய்தி வந்தது மாலை 4.35க்கு, செபஸ்தியான் என்னும் தொழிலாளி ஓடிவந்து சொன்ன பிறகு. சரிந்த இடத்துக்கு மிக அருகில் போன் இருந்தது குழந்தைகள் காப்பகத்தில். அங்கே ஆயாவாக இருப்பவள் பாக்கியத்தாய். அவள் ஏன் உடனே போன் செய்யவில்லை என்பது நிர்வாகத்தின் கேள்வி. செய்தேன் என்கிறாள் அவள். செய்யவில்லை என்று முடிவானால் வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் வீடும் போகும். விதவை, கீழே சமவெளியில் சொந்தம் என்று யாரும் இல்லை.

எக்சேஞ்சில் இருப்பவன் நான் ஒருவன்தான்.

25 ஜூலை, வெள்ளி

மழை விடவில்லை. என் மனைவி உலகம்மாள் ஈரத்துணிகளைக் கரி அடுப்பின் மேல் கொடி கட்டிக் காயவைக்கிறாள். சட்டை எல்லாம் புகை வாசனை.

முதல் குறிப்பு. எங்களுடையது நாற்பது போன்களுக்கான சிறிய எக்சேஞ்ச். ஆள் உயர இரும்புப் பெட்டி. அதில் அலமாரியில் புத்தகங்களை நிறுத்துவது போலக் கார்டுகளைச் செருகியிருக்கிறோம். ஒரு கார்டு எட்டு போன்களைக் கவனித்துக்கொள்ளும். போனுக்கு மின்சாரம் கொடுப்பது, மணி அடிக்கச் செய்வது, ரிசீவரை எடுத்தால் தெரிந்துகொள்வது எல்லாம் அதன் வேலை.

சாதாரணக் கார்டு பக்கத்திலுள்ள போன்களுக்கு. ஆபீஸ், ஃபாக்டரி போன்றவை. கம்பி நீளமானால் மின்சாரம் தளர்ந்துவிடும் என்பதால் தூரத்துப் போன்களுக்கு நெடுந்தூரக் கார்டு. மேல் டிவிஷனின் ஐந்து போன்களும், ஸ்டாஃப் குடியிருப்பின் மூன்று போன்களும் அப்படி ஒரே நெடுந்தூரக் கார்டில் இருக்கின்றன. ஊர் எக்சேஞ்சோடு இணைக்க வெளி லைன் கார்டு. மற்றவை மின்சாரம் கொடுக்கும், இது வாங்கும். நான்காவதாக நேரடிக் கார்டு. ரிசீவரை எடுத்த மாத்திரத்தில் மறுமுனையில் மணி அடிக்கும், நம்பர் வேண்டாம், எக்சேஞ்சில் ஆள் வேண்டாம். பங்களாவுக்கும் ஃபாக்டரிக்கும் நடுவே ஒன்று உண்டு. மேல் டிவிஷனுக்கும் ஆபீசுக்கும் ஒன்று போடலாம் என்று 1994இல் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. மறுபடி நினைவூட்டவில்லை. நினைவூட்டினால் குறை சொல்வது போல இருக்கும் என்று நினைத்தேன்.

எல்லா வகைக் கார்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். எதை எந்தப் பள்ளத்தில் செருகினாலும் தடையில்லாமல் இறங்கும். தவறாகச் செருகினால் புகையோ சத்தமோ வராது. பேச்சு மட்டும் போய்ச் சேராது. தொலைபேசி இலாகாவில் முப்பத்துநான்கு வருஷமும் இங்கே ஏழு வருஷமும் வேலை பார்த்ததில் நான் ஒருமுறைகூடக் கார்டை மாற்றிச் செருகியதில்லை.

26 ஜூலை, சனி

மூவரையும் அடக்கம் செய்தார்கள். நான் போகவில்லை. காலுறை காயவில்லை.

28 ஜூலை, திங்கள்

இரண்டாவது குறிப்பு. நான் இங்கே வந்தபோது புகார் சொல்லும் முறை என்று ஒன்று இல்லை. "பெரிய கிளார்க் வீட்டுப் போன் ஊமையாப் போச்சு", "நம்ம ராசு அண்ணன் பேசுவாருல்ல, அந்தப் போன்" என்றெல்லாம் சொல்வார்கள். ஆகவே நானே ஒரு தாள் தட்டச்சு செய்து நாற்பது போன்களுக்கும் பக்கத்தில் ஒட்டினேன். 'புகார் சொல்லும்போது பெயர், இடம், கதை எதுவும் வேண்டாம். லைன் எண்ணை மட்டும் சொல்லவும்.' ஒவ்வொரு போனுக்கும் ஒரு லைன் எண். மேல் டிவிஷனில் குழந்தைகள் காப்பகம் லைன் 5. கொழுந்து எடை போடும் கொட்டகை லைன் 7.

நான் இரண்டு கேள்வி மட்டும் கேட்பேன். எந்த லைன். முழுசா போச்சா, விட்டு விட்டுப் போகுதா. பிறகு "எழுதிக்கிட்டேன், ஆள் வரும்" என்று சொல்லி நேரமும் சொல்வேன். ஆள் வரும் என்பது இலாகா நாட்களின் பழக்கம். இங்கே ஒரு லைன்மேன்தான், அவனும் அன்று ஊர்க்கோயில் கொடைக்கு லீவில் போயிருந்தான்.

தாள் ஒட்டிய புதிதில் கொழுந்து பறிக்கும் பெண்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். என் பெயர் திருமலைக்கொழுந்து. எங்கள் தென்காசிப் பக்கம் சாதாரணமான பெயர். இங்கே கொழுந்து என்றால் தேயிலைத் துளிர். "கொழுந்து சாரு முத்திப்போச்சு, இனிப் பறிச்சாலும் எடைக்குத் தேறாது" என்பாள் பாக்கியத்தாய், எனக்குக் கேட்கும்படியாகவே. எனக்குக் கோபம் வந்ததில்லை.

இன்று மேனேஜர் கூப்பிட்டார். என்னைவிட முப்பது வயது இளையவர். உட்காரச் சொன்னார்.

"சார், உங்க புகார்ப் புத்தகத்தப் பாத்தேன். சரிவு பத்தி ஒண்ணும் இல்லியே."

"இல்லைங்க."

"2.50க்கு லைன் 7 டெட்னு ஒரு என்ட்ரி. அது எடைக் கொட்டகை போன்தான?"

"ஆமாங்க. ரிப்பேர் புகார்."

"யாரு சொன்னா?"

"பேர் எழுதுற வழக்கம் இல்லைங்க. லைன் நம்பர் மட்டும்தான்."

அவர் தலையாட்டினார். "நல்ல முறை" என்றார்.

30 ஜூலை, புதன்

மூன்றாவது குறிப்பு. கவனமாக எழுதுகிறேன்.

2.50: மணி அடித்தது. லைன் 5இன் விளக்கு எரிந்தது. அதாவது காப்பகத்துப் போன். பேசியது பாக்கியத்தாய். இதைப் புகார்ப் புத்தகத்தில் எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன். லைன் 7 என்று சொன்னாள். கேட்கவேண்டிய இரண்டு கேள்விகளில் மீதம் இருந்ததைக் கேட்டேன். பதில் வந்தது. நாலு மணிக்குள் ஆள் வரும் என்றேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. எடைக் கொட்டகையிலிருந்து காப்பகம் வரை நடந்து வந்து சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

2.55: லைன் 7ஐச் சோதித்தேன். உயிர் இல்லை. ஆக, புகார் சரி. 5ஐயும் சோதித்தேன், அதுவும் போயிருந்தது. 4, 6, 8 போயிருந்தன.

3.05: ஒரே கார்டில் ஐந்து லைன் போனால் கார்டைச் சந்தேகிப்பதுதான் முறை. ஆனால் அதே கார்டில் ஸ்டாஃப் குடியிருப்பின் 1, 2, 3 வேலை செய்தன. கார்டு நன்றாக இருக்கிறது, மலைமேல் போகும் கேபிள்தான் அறுந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அதை அப்போதே கவனித்தேன். கேபிள் பெட்டி எக்சேஞ்சிலிருந்து இருநூறு கஜம். அங்கே போய் நின்றால் மேல் டிவிஷன் சரிவு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். கனத்த மழை. வெளியே போகவில்லை.

3.10 முதல் 4.25 வரை: நெடுந்தூரக் கார்டில் ஸ்பேர் இல்லை. சாதாரணக் கார்டு ஒன்றில் இணைப்புகளை மாற்றி நெடுந்தூரத்துக்கு ஏற்றபடி செய்யலாம். எட்டு லைனுக்குப் பதினாறு இணைப்பு. கண்ணாடி இரண்டு முறை ஆவி பிடித்தது. முடித்துச் செருகினேன். ஐந்தும் அப்படியே இருந்தன.

4.35: செபஸ்தியான்.

அவன் ஆபீஸ் வாசலில் நின்று கத்தியது எக்சேஞ்ச் வரை கேட்டது. "ஏழாம் லைன் போயிருச்சு" என்று கத்தினான். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

1 ஆகஸ்ட், வெள்ளி

விசாரணை ஆபீஸ் ஹாலில் நடந்தது. நிர்வாகம் வைத்த வக்கீல் ஒருவர்தான் விசாரணை அதிகாரி. பாக்கியத்தாய் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு நாற்காலி போட்டார்கள்.

முதல் குறிப்பைப் படிக்க ஆரம்பித்தேன். நெடுந்தூரக் கார்டு வரைக்கும் வந்தபோது அதிகாரி நிறுத்தினார்.

"பெரியவரே, கார்டெல்லாம் வேண்டாம். கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. அன்னிக்கு மண்சரிவுன்னு யாராவது போன்ல சொன்னாங்களா?"

"அந்த வார்த்தையை யாரும் சொல்லலை."

பாக்கியத்தாய் குறுக்கே பேசினாள். "சார், நான் போன் பண்ணேன்ல. நீங்கதான எடுத்தீங்க. ஏழாம் லைன் போயிருச்சுன்னு சொன்னேன்ல."

"நீ இரும்மா" என்றார் அதிகாரி. என்னைப் பார்த்தார். "2.50க்குப் பேசினது இந்தப் பொம்பளையா?"

"பெயர் எழுதும் வழக்கம் இல்லை."

"குரல் தெரியுமில்ல?"

"மழைச் சத்தம் அதிகமா இருந்தது."

மழைச் சத்தம் அதிகமாகத்தான் இருந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. ஒருமாதிரியாகப் பார்த்தாள். தராசில் கொழுந்தைப் போட்டுவிட்டு முள் நிற்பதற்குக் காத்திருப்பவர்கள் பார்ப்பது போல. பிறகு கீழே பார்த்துக்கொண்டாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

2 ஆகஸ்ட், சனி

ஸ்பேர் கார்டுகளைத் துடைத்து வைத்தேன். எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன.

5 ஆகஸ்ட், செவ்வாய்

காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் மஸ்டர் கொட்டகைப் பலகையில் உத்தரவு ஒட்டியிருக்கிறார்கள். ஆபத்தை உரிய நேரத்தில் தெரிவிக்கத் தவறியதற்காகவும் விசாரணையில் பொய் சொன்னதற்காகவும் பாக்கியத்தாய் வேலைநீக்கம். 15ஆம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும்.

தண்ணீர்க் குழாயில் கேள்விப்பட்டு வந்தாள் உலகம்மாள்.  மோர் ஊற்றும்போது சொன்னாள்.

"மழச் சத்தத்துல கொரல் தெரியலன்னு சொன்னீங்களாமே."

"ம்."

"வாரத்துக்கு மூணு தடவ போன் பண்ணி, புள்ளைகளுக்குப் பால் பவுடர் வந்துச்சா சார்னு கேக்குறவ. நீங்க வீட்டுல வந்து அவள மாதிரியே பேசிக் காட்டுவீங்க."

"ஒரே வார்த்தை, ரெண்டு அர்த்தம், உலகு. நான் என்ன செய்ய முடியும்?"

"அன்னிக்கு என்ன செய்ய முடியும்னு நான் கேக்கல. வெள்ளிக்கிழம என்ன செஞ்சீங்கன்னு கேக்கேன்."

 கை கழுவினேன். இந்த நோட்டை எடுத்தேன்.

"எழுதுங்க" என்றாள். "ஒரே விஷயத்த எத்தன நாளைக்குத்தான் எழுதுவீங்கன்னு பாக்கேன்."

7 ஆகஸ்ட், வியாழன்

மேல் டிவிஷனுக்குப் போனேன். கொழுந்து லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஏழாம் லைன் இருந்த இடத்தில் சிவப்பு மண். ஒரு வீட்டின் பின்சுவர் மட்டும் நிற்கிறது. அதில் ஆணியில் ஒரு சல்லடை தொங்குகிறது.

பாக்கியத்தாயின் வீடு நான்காம் லைனில். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கட்டுவதை நிறுத்தவில்லை.

"வாங்க கொழுந்து சார். நம்பர் சரியாப் பாத்து வந்தீங்களா? இது நாலாம் லைன்."

நான் படியில் நின்றேன். உனக்கு உதவி ஏதாவது என்று ஆரம்பித்தேன். அவள் இடைமறித்தாள்.

"ஒண்ணு கேக்குறேன் சார். மேனேஜருக்குப் பயந்துதான அப்படிச் சொன்னீங்க?"

"இல்லை. எனக்கு அன்னிக்கு விளங்கலை. போன் லைன்னு நெனச்சேன்."

சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. 

"போனா?"

"எடைக் கொட்டகைப் போன். அது லைன் 7."

"சார், நான் ஏழாம் லைன் போயிருச்சுன்னு சொன்னேன். நீங்க என்ன கேட்டீங்க? முழுசா போச்சா, விட்டு விட்டுப் போகுதான்னு கேட்டீங்க. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? எல்லா வீடும் போச்சா, இல்ல ஒண்ணொண்ணா சரிஞ்சுக்கிட்டு இருக்கான்னு கேக்குறீங்கன்னு நெனச்சேன். இந்த நேரத்துலயும் மனுசனுக்கு எம்புட்டு நிதானம்னு நெனச்சேன். முழுசா போச்சு சார்னு சொன்னேன். நாலு மணிக்குள்ள ஆள் வரும்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அதத்தான் எல்லார்ட்டயும் சொன்னேன். செபஸ்தியான் அப்பவே கீழ ஓடுறேன்னு கெளம்பிட்டான். நாந்தான் தடுத்தேன். கொழுந்து சார் நாலு மணிக்குள்ள ஆள் அனுப்புறேன்னு சொல்லிட்டாரு, நீ போனா மண்ணள்ள ஒரு கை கொறையும், இருடான்னு நான்தான் சொன்னேன். நாலு அடிச்சுது. யாரும் வரல. அப்புறந்தான் அவன் ஓடுனான்."

"எத்தனை மணிக்குக் கிளம்பினான்?"

"நாலுக்கு சார். முப்பத்தஞ்சு நிமிசத்துல வந்துட்டானாமே."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் படியில் உட்கார்ந்தேன். கணக்கு என் தலையில் தானாகவே ஓடியது. 2.50க்கே செபஸ்தியான் கிளம்பியிருந்தால் 3.25க்கு ஆபீஸ். டாக்டர் கேட்ட ஒரு மணி நேரமும் அதற்கு மேலும். எக்சேஞ்ச் என்று ஒன்றே இந்த எஸ்டேட்டில் இல்லாமல் இருந்திருந்தால், போன் என்ற ஒன்றைக் கையில் எடுக்க வழியே இல்லாமல் இருந்திருந்தால், தவமணி பிழைத்திருக்கலாம்.

"அந்தப் புள்ள மண்ணுக்குள்ள இருந்து பேசுச்சு சார்" என்றாள். "ஆள் வருது, ஆள் வருதுன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

8 ஆகஸ்ட், வெள்ளி

மேனேஜரிடம் சொன்னேன். பேசியது பாக்கியத்தாய்தான், குரல் தெரிந்தது, விசாரணையில் பொய் சொன்னேன் என்றேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சிறிய வாக்கியமாக இருந்தது.

அவர் கதவைச் சாத்தினார்.

"சார், உங்களுக்கு அறுபத்தெட்டு வயசு. மனசு கஷ்டத்துல கொழப்பம் வர்றது சகஜம். நல்லா யோசிச்சுப் பாருங்க. நெஜமாவே அவ குரல்தானா? சத்தியம் பண்ணிச் சொல்ல முடியுமா?"

இந்த மனிதருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. வாழ்நாள் முழுவதும் யாராவது 'நெஜமாவா' என்று கேட்டால் போதும், என் பெயரையே நான் மறுபடி சரிபார்ப்பேன். ஒரு நிமிஷம் உண்மையிலேயே சந்தேகம் வந்தது. மழை. மூச்சிரைப்பு. கரகரவென்ற லைன்.

"அவள்தாங்க" என்றேன்.

"அப்ப தகவல் வந்தும் எஸ்டேட் ஆள் போகலைன்னு ஆகும். தாசில்தார் வருவாரு. கேஸ் ஆகும். அந்தம்மாவ வேலைக்கு எடுத்துட்டா இதெல்லாம் சரியாகுமா? உத்தரவு போட்டாச்சு. நீங்க ஒரு மாசம் லீவு எடுங்க, ஊருக்குப் போய்ட்டு வாங்க."

"ஊர் வீட்டுல குடித்தனம் இருக்காங்க" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து வாக்குமூலத்தைத் திருத்தி எழுதினேன். மூன்று நகல். உலகம்மாள் மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்துப் பக்கத்தில் வைத்தாள்.

9 ஆகஸ்ட், சனி

அதிகாலை லாரியில் மேலே போய் ஒரு நகலைப் பாக்கியத்தாயிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"எங்கிட்ட எதுக்கு சார்? எனக்குத்தான் தெரியுமே. மஸ்டர்ல படிங்க."

கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. இலாகாவில் பணிநிறைவு விழாவில்கூட எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன். ஆனால் அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் நடந்தேன்.

மஸ்டர் கொட்டகையில் நூற்றிருபது பேர் கூடையும் மழைக் கித்தானுமாக நின்றார்கள். பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த சூப்பர்வைசர் என்னைப் பார்த்து நிறுத்தினார். தாளைப் பிரித்தேன். முதல் குறிப்பிலிருந்து ஆரம்பித்தேன், பழக்க தோஷம். தகரக் கூரையில் மழை. பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "கொழுந்து சார், ஒண்ணும் கேக்கல. சத்தமாப் படிங்க." இன்னொருத்தி: "கார்டு கதையெல்லாம் நாங்க கேட்டு என்னத்துக்கு? ஆயா போன் பண்ணுச்சா இல்லியா, அதச் சொல்லுங்க."

தாளை மடித்தேன். "பண்ணாங்க" என்றேன். "என்கிட்டதான் பேசினாங்க. நான் வேற மாதிரி எடுத்துக்கிட்டேன். அப்புறம் பொய் சொன்னேன்."

 முன்வரிசையில் தவமணியின் அப்பா நின்றிருந்தார். அவரை எனக்குப் பார்த்துப் பழக்கமில்லை, பக்கத்திலிருந்தவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டதால் தெரிந்தது. அவர் என்னிடம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு நகலைத் தாசில்தாருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஒரு நகல் மேனேஜர் மேஜையில். பகல் பன்னிரண்டு மணிக்கு எக்சேஞ்ச் சாவியைக் கேட்டு ஆள் வந்தது. கொடுத்தேன். எங்களுக்கும் 31ஆம் தேதி வரைதான் இந்த வீடு. பாக்கியத்தாயின் உத்தரவு இன்னும் பலகையில்தான் இருக்கிறது. எடுப்பார்களா என்று தெரியவில்லை. ஆறு நாள் இருக்கிறது. அவர் சாக்கை அவிழ்க்கவில்லை.

இந்த நோட்டை யாராவது விசாரணைக்கு எடுத்துக்கொண்டால், முதல் பக்கத்தில் ஒரு திருத்தம் தேவை. அடித்து எழுதுவது வாக்குமூலத்தில் கூடாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான்காவது குறிப்பு தவறு. மண்சரிவு பற்றி என்னிடம் சொன்னார்கள். 22ஆம் தேதி பகல் 2.50க்கு, எந்த லைன், எவ்வளவு போயிற்று என்று நான் கேட்கும் இரண்டுக்கும், கேட்கும் முறைப்படியே, பாக்கியத்தாய் சரியாகப் பதில் சொன்னார்.